ஜாம் போத்தலில் கடைசிக் கண்டத்து மண்

போன மாதம் தர்ஷினி வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். நான் முப்பத்தொரு வருடம் வேலை செய்து ஓய்வுபெற்ற மண் ஆய்வுகூடத்தில் இப்போது இருக்கும் இளம் உத்தியோகத்தர் அவள். பழைய பதிவேடுகளையெல்லாம் கணினியில் ஏற்றுகிறார்களாம். இனி வயலில் ஒரு கம்பியை நட்டுவிட்டால் உப்பின் அளவு தானாகவே கைத்தொலைபேசிக்கு வந்துவிடுமாம். எங்கள் காலத்தில் அதே அளவு கொழும்புக்கு வர பஸ்ஸும் லொறியும் ஏழெட்டுச் சோதனைச்சாவடியும் வேண்டியிருந்தன.

படத்தில் இருந்தது பதிவேட்டின் ஒரு பக்கம். பதினெட்டு வரி எழுதி, எல்லாவற்றையும் சிவப்புப் பென்சிலால் குறுக்கே வெட்டியிருந்தது. ஓரத்தில் ஆங்கிலத்தில் 'போத்தலைப் பார்க்க' என்று ஒரு குறிப்பு. எழுதியது என்னுடைய கை. வெட்டியது சேனாதீர மேடத்தின் கை.

"அங்கிள், இந்த வருசத்து அளவை ஏன் வெட்டினது எண்டு காரணம் போடாட்டி கொம்பியூட்டர் விடுதில்ல. போத்தல் எண்டா என்ன போத்தல்?" என்று கேட்டிருந்தாள்.

ஜாம் போத்தல் என்று இரண்டு சொல்லில் பதில் அனுப்பிவிட்டு இருந்திருக்கலாம். மனம் கேட்கவில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வேலை பழகிய காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர்ந்தேன். இரண்டு வருடம் தட்டுக் கழுவினேன், மண் இடித்தேன், அரித்தேன். மூன்றாம் வருடம்தான் உப்பை அளக்கிற மானியைத் தொட விட்டார்கள். விட்டவர் சேனாதீர மேடம், ஆய்வுகூடத்தின் பொறுப்பாளர். ஒல்லியான மனுஷி. வெள்ளைக் கோட்டுக்குக் கீழே சேலை, காலில் எப்போதும் றப்பர் செருப்பு. ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. கோபம் வந்தால் மேசை லாச்சியைத் திறந்து ஒரு பென்சிலை எடுத்துச் சீவத் தொடங்குவார். எவ்வளவு நேரம் சீவுகிறார் என்பதை வைத்து நாங்கள் கோபத்தை அளந்துகொள்வோம். நான் கண்டதில் ஆகக் கூடியது முக்கால் பென்சில்.

எங்கள் வேலை, குளங்களின் கீழ் நீர் பாய்கிற வயல்களில் உப்பு ஏறுகிறதா இறங்குகிறதா என்று வருடா வருடம் பார்ப்பது. எந்தக் குளத்துத் தண்ணீரிலும் கொஞ்சம் உப்பு இருக்கும். வெயில் தண்ணீரை எடுத்துக்கொள்ளும், உப்பை வயலில் விட்டுவிடும். வடிகால் ஒழுங்காக இருந்தால் மழையோடு அதுவும் கழுவுப்பட்டுப் போகும். வடிகால் அடைத்தால் நிலத்தடி நீர் மேலே வரும், உப்பும் கூடவே ஏறி வரும். ஒரு வருடத்து அளவு எதையும் சொல்லாது. வயலில் அடித்த அதே முளைக்குப் பக்கத்தில், அதே ஆழத்தில், அதே மாதத்தில் மண் எடுத்து, பத்து வருடத்து அளவுகளை ஒரு தாளில் கோடாகக் கீறிப் பார்த்தால்தான் வயலுக்கு என்ன நடக்கிறது என்று தெரியும். இதை மேடம் புதிதாக வருகிற எல்லோருக்கும் சொல்வார். ஒருவரும் முதல் தடவை காதில் போட்டுக்கொள்வதில்லை. நானும் போட்டுக்கொள்ளவில்லை.

அளக்கிற முறையில் எனக்குப் பிடித்தது குழைக்கிற வேலை. நிழலில் காயவைத்த மண்ணை மரச் சுத்தியலால் உடைத்து, அரித்து, கோப்பையில் போட்டு, காய்ச்சி வடித்த தண்ணீரைத் துளித்துளியாக விட்டுக் குழைக்கவேண்டும். மேலே ஒரு பளபளப்பு வரும். கோப்பையைச் சரித்தால் மண் மெல்ல நகரும். கத்தியால் ஒரு கோடு இழுத்துக் கோப்பையை மேசையில் தட்டினால் கோடு தானாக மூடவேண்டும். கத்தியில் ஒட்டாமல் வழுக்கி விழவேண்டும். ஒரு துளி கூடினாலும் பிழை. அடுத்தநாள் அதிலிருந்து உறிஞ்சி எடுக்கும் நீரை மானியில் விட்டால் முள் நகரும். நான்கைத் தாண்டினால் உவர்நிலம் என்று எழுதவேண்டும்.

இனிப் போத்தலுக்கு வருகிறேன். மண் பை வந்ததும், காயவைக்க முன்பே, ஈரத்தோடு ஒரு பிடி மண்ணை எடுத்து ஜாம் போத்தலில் அடைத்து, மூடியை மெழுகால் ஒட்டி, பென்சிலால் எழுதி இராக்கையில் வைக்கவேண்டும். இது எந்தப் புத்தகத்திலும் இல்லாத முறை. மேடமே உண்டாக்கியது. போத்தல்களும் அவருடைய வீட்டிலிருந்துதான் வந்தன. "மேடத்தின்ர பிள்ளையள் பாவம், ஜாம் திண்டே பல்லுப் போயிருக்கும்" என்று நாங்கள் பின்னால் சிரிப்போம். ஒரு போத்தலையும் ஒருவரும் திறந்து கண்டதில்லை. தூசி தட்டுவது மட்டும் என் வேலை.

அந்த வருடம் போர் உச்சத்தில் இருந்தது. கொழும்பில் நாள் முழுக்க மின்வெட்டு. எங்கள் உலர்த்தும் அறைக்கு மின்விசிறி இல்லாமல் சரிவராது. பின்முற்றத்தில் காயவைக்கலாம் என்றால் அங்கே மண்மூட்டை அடுக்கி, காவல் போட்டு, ஒருவரும் போகக்கூடாது என்று மூடியிருந்தார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் கிழக்கிலிருந்து பதினெட்டுப் பை வந்தது. ஒரு பெரிய குளத்தின் இடதுகரை வாய்க்கால் முடிகிற இடத்தில் கடைசிக் கண்டம் என்று ஒரு வயல்துண்டு. அங்கே அறுபது குடும்பம். அந்தக் கண்டத்தின் உப்பு பல வருடமாக ஏறி, வடிகால் வெட்டிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தது. வழியில் பல இடங்களில் மறிபட்டு வந்ததால் பைகள் மணக்கத் தொடங்கியிருந்தன. ஈரத்தோடு விட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும்.

நான் கெட்டிக்காரன் என்ற நினைப்பு எனக்கு. வெள்ளவத்தையில், றெயில் பாதையை ஒட்டிய ஒழுங்கையில், மேல்வீட்டில் வாடகைக்கு இருந்தோம். மொட்டைமாடியில் தகரக்கூரை போட்ட ஒரு பகுதி உண்டு. மழை விழாது, நாலு பக்கமும் காற்று. இதைவிட என்ன வேண்டும்? போத்தலில் ஒவ்வொரு பிடி அடைத்து வைத்துவிட்டு, மிச்ச மண்ணை ஒருவரிடமும் கேட்காமல் மூன்று தடவையாக வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

இரண்டாம் தடவை பம்பலப்பிட்டிச் சாவடியில் மறித்தார்கள். பையைத் திறந்த ஆமிப் பொடியன் துவக்கைத் தோளில் சரித்துவிட்டு, "மொனவத மே?" என்று, இது என்ன என்று, கேட்டான்.

"பஸ் மாத்தையா. கும்புரு பஸ்" என்றேன். வயல் மண் என்று அர்த்தம்.

அவன் ஒரு கிள்ளு எடுத்து விரலிடையில் தேய்த்தான், மணந்தான். முகம் மாறிவிட்டது. அவனும் எங்கேயோ ஒரு வயற்காரனுடைய பிள்ளையாகத்தான் இருக்கவேண்டும். "ஹொந்த பஸ்" என்று சொல்லி, நல்ல மண் என்று தலையாட்டி, பையைத் தானே கட்டித் தந்தான். அந்த வருடம் அந்த மண்ணைப் பற்றிச் சரியான முடிவை முதலில் சொன்னவன் அவன்தான்.

மாடியில் பழைய சேலைகளை விரித்து மண்ணை மெல்லியதாகப் பரப்பினேன். என் மனைவி சரோ பக்கத்தில் ஒரு பாயில், காய்ந்த பனங்கிழங்கில் இடித்த ஒடியல் மா பரப்பியிருந்தாள். யாழ்ப்பாணத்திலிருந்து அவளுடைய தங்கை ஆரிடமோ கொடுத்துவிட்டது, வழியில் ஈரம் பட்டிருந்தது. அந்த நாளில் ஒடியல் மா கிடைப்பதே பெரிய காரியம். தென்மேல் காற்று வீசுகிற மாதம். ஐந்து நாள் மண்ணும் மாவும் அருகருகே கிடந்து காய்ந்தன.

அளந்தேன். பதினெட்டில் பதினாறு நான்கைத் தாண்டி நின்றன. மேடம் கோட்டைக் கீறிப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். "போர் நடக்குது, வடிகாலை ஒருவரும் துப்புரவாக்கியிருக்க மாட்டார்கள்" என்றார் ஆங்கிலத்தில். எனக்கும் அப்படித்தான் பட்டது. மானியைச் சரிபார்க்கிற கரைசலை இரண்டு தடவை விட்டுப் பார்த்தோம். மானியில் குறையில்லை. மேடம் கையெழுத்து வைத்தார், அறிக்கை போனது. அந்த ஞாயிற்றுக்கிழமை சரோ ஒடியல் கூழ் காய்ச்சினாள். உப்புக் கரித்தது.

"கை தவறிப் போட்டிட்டீர் போல" என்றேன்.

"நான் எப்பவும் போடுற அளவுதான் போட்டனான். கூழ் காய்ச்ச எனக்கு நீங்கள் பழக்கவேண்டாம்" என்றாள். இரண்டு நாள் அந்தச் சண்டை ஓடியது. நான் அவளைச் சும்மா விடவில்லை. வருகிற போகிற ஆட்களிடமெல்லாம் கூழ்க் கதையைச் சொல்லிச் சிரித்தேன்.

ஒன்றரை மாதம் கழித்துப் பூபாலபிள்ளை வந்தார். கடைசிக் கண்டத்தின் வட்டவிதானை அவர். வாய்க்கால் தண்ணீரைப் பங்கிட்டுவிடுகிற தலைவரை அங்கே அப்படிச் சொல்வார்கள். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் தங்கி, பொலிஸில் பெயரைப் பதிந்து, அந்தப் பதிவுத் துண்டைச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு வந்திருந்தார். கையில் ஈரச் சாக்கில் சுற்றிய நெற்பயிர், வேரோடு.

"ஐயாமாரே, உங்கட கடதாசிய வச்சித்தான் கூட்டத்தில முடிவெடுத்திரிக்காங்க. வாற பெரும்போக விதைப்புக்கு எங்கட கண்டத்துக்குத் தண்ணி இல்லையாம். உவர் நிலத்துக்கு ஊத்திறது வீணாம். தண்ணி நிண்டா நாங்க எங்க போற? முன்னுக்கும் ஏலா, பின்னுக்கும் ஏலா."

நான் வழக்கமாகச் சொல்கிற மாதிரி, வடிகால் அடைத்தால் உப்பு ஏறும் என்று விளங்கப்படுத்தத் தொடங்கினேன்.

"வடிச்சல் எங்க மனே அடைச்சிரிக்கு?" என்று மறித்தார். "இந்த மாசிக்கும் நாங்கதான் இறங்கி வெட்டின. அங்கால வெடிச் சத்தம் கேக்கக் கேக்க வெட்டின. ரெண்டு பேர் காலுக்க முள்ளுக்கம்பி ஏறினது. இதப் பாருங்க. உப்புப் புடிச்ச மண்ணில வேளாம இப்பிடி நிக்குமா?"

பயிரை மேசையில் வைத்தார். உப்பில் நிற்கிற நெல்லுக்கு இலை நுனி வெளுத்துக் கருகும். இதில் நுனிவரை பச்சை. நான் ஒவ்வொரு இலையாகப் புரட்டிப் பார்த்தேன். மானி சரி, கரைசல் சரி, தண்ணீர் சரி. பயிரும் சரி. அப்படியென்றால் பிழை வயலுக்கும் மானிக்கும் இடையில் எங்கேயோ நடந்திருக்கிறது.

அன்று பின்னேரம் வீட்டுப் படியேறும்போது கைப்பிடிக் கம்பியில் கை வைத்தேன். போன தைப்பொங்கலுக்கு முன் வீட்டுக்காரர் பெயின்ற் அடித்த கம்பி, துருப்பிடித்துப் பொருக்காக உதிர்ந்தது. வெள்ளவத்தையில் கடற்பக்கம் இருக்கிற எவருக்கும் இது புதினமில்லை. அன்ரெனா ஒரு வருடம் நின்றால் அதிசயம், யன்னல் கண்ணாடியைத் துடைத்தால் அடுத்தநாளே மங்கும். கடற்காற்றைத் திட்டாத நாள் இல்லை. ஊருக்கெல்லாம் உப்பு அளந்து சொல்கிற நான், ஐந்து நாள் அந்தக் காற்றில் மண்ணை விரித்து வைத்திருக்கிறேன். படியில் அப்படியே இருந்துவிட்டேன். பிறகு எழும்பிப் போய் சரோவிடம் சொன்னேன்.

அவள் முழுவதும் கேட்டுவிட்டு, "அப்ப கூழில நான் உப்புக் கூடப் போடேல்ல எண்டு முதல்ல சொல்லுங்கோ" என்றாள்.

"நீர் போடேல்ல."

"சரி. இனி என்ன செய்யப் போறியள்?"

அதுதான் கேள்வி. அரசாங்க மாதிரியை அனுமதி இல்லாமல் வீட்டுக்குக் கொண்டுபோனது ஒரு குற்றம். அதனால் பிழையான அறிக்கை போய், அறுபது குடும்பத்துக்குத் தண்ணீர் நிற்கப்போகிறது. செய்தவன் ஒரு தமிழன். தெரியாமல் நடந்தது என்று சொன்னால் ஆர் நம்புவார்? எங்கள் கட்டிடத்திலேயே ஒருவரை, மேசையில் ஒரு வரைபடம் இருந்ததற்காகக் கூட்டிக்கொண்டு போய் மூன்று கிழமை வைத்திருந்தார்கள். வாயை மூடிக்கொண்டிருந்தால் என்னை ஒருவரும் கேட்கப்போவதில்லை. உண்மையாகவே அப்படி இருந்துவிடலாமா என்று யோசித்தேன். மறைக்க ஒன்றுமில்லை, யோசித்தேன்தான்.

சரோதான் முடிவெடுத்தாள். "மேடத்திட்டப் போய்ச் சொல்லுங்கோ. நான் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்கு அக்கா வீட்ட போய் நிக்கிறன். ஆரும் விசாரிக்க வந்தா பிள்ளையள் இஞ்ச இருக்கவேண்டாம்." சொல்லிக்கொண்டே உடுப்புகளை மடிக்கத் தொடங்கிவிட்டாள்.

அடுத்தநாள் காலை மேடத்தின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். மாடி, சேலை, காற்று, கூழ். ஒன்றையும் விடவில்லை. அவர் லாச்சியைத் திறந்தார். பென்சிலை எடுத்தார். சீவினார், சீவினார், சீவிக்கொண்டே இருந்தார். கடைசியில் கையில் ஒரு கட்டைதான் மிஞ்சியது. அந்தப் பென்சில் முழுவதும் என் பெயரில் போனது.

பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"போத்தல் இருக்கிறதா, சிவபாதம்?"

"இருக்கு மேடம். பதினெட்டும்."

"கொண்டு வாருங்கள்."

இராக்கையில் இருந்த பதினெட்டுப் போத்தலையும் மேசையில் அடுக்கினேன். மெழுகை மேடமே சவர பிளேட்டால் கீறினார். மண் அன்று அடைத்த ஈரத்தோடு அப்படியே இருந்தது. காயவைக்கத் தேவையில்லை, ஈரமண்ணிலேயே நேராகக் குழைக்கலாம். வேறு ஒருவரையும் கிட்ட விடவில்லை. அவர் ஒன்பது, நான் ஒன்பது. அடுத்தநாள் மின்சாரம் வந்த இரண்டு மணித்தியாலத்துக்குள் உறிஞ்சி எடுத்தோம். மேடம் அளவை வாசிக்க வாசிக்க நான் எழுதினேன். ஒன்றுகூட நான்கைத் தொடவில்லை. கோட்டில் வைத்துப் பார்த்தால் போன வருடத்தைவிடச் சற்றுக் கீழே. வெடிச் சத்தத்துக்குள் இறங்கி வெட்டிய வடிகால் அந்தக் கோட்டில் தெரிந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மேடம் பார்க்காத மாதிரி சிவப்புப் பென்சிலை எடுத்து என்னுடைய பழைய பக்கத்தைக் குறுக்கே வெட்டினார்.

"கடிதத்தை நானே அடிக்கிறேன். நீங்கள் வீட்டுக்குப் போங்கள். நாளைக்கு வழமைபோல வாருங்கள்" என்றார்.

பூட்டிய கதவுக்குப் பின்னால் தட்டச்சுச் சத்தம் வெகுநேரம் கேட்டது. கடிதத்தின் ஒரு பிரதியைப் பூபாலபிள்ளையின் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். தபாலை நம்ப முடியாத காலம். ஆங்கிலக் கடிதம் அவருக்கு வாசிக்கத் தெரியாது, உறை ஒட்டியிருந்ததால் நானும் பார்க்கவில்லை. அவர் அதை இரண்டு கையாலும் வாங்கி, மேடத்தைப் பார்த்துக் கும்பிட்டார். மேடம் கூச்சப்பட்டுத் திரும்பிக்கொண்டார். பெரும்போகத்துக்குக் கடைசிக் கண்டத்துக்குத் தண்ணீர் போனது. தையில் ஒரு பை பச்சையரிசி ஆர் கையிலோ வந்து சேர்ந்தது. மேடம் அதை ஆய்வுகூடத்தில் எல்லோருக்கும் சுண்டால் அளந்து பிரித்தார்.

நான் விசாரணைக்காகக் காத்திருந்தேன். ஒரு மாதம் போனது, இரண்டு மாதம் போனது, ஒருவரும் வரவில்லை. சரோவும் பிள்ளைகளும் திரும்பி வந்தார்கள். கடிதத்தில் பிழைக்குக் காரணம் 'மின்வெட்டு' என்று பொதுவாக எழுதியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அந்த வருடக் கடைசியில் பணிப்பாளர் பதவி காலியானது. மேடத்துக்குத்தான் வரும் என்று எல்லோரும் சொன்னார்கள். அவரைவிட எட்டு வருடம் இளையவருக்குப் போனது. ஏன் என்று நாங்கள் பல கதை கதைத்தோம். ஒரு கதையிலும் உப்பு வரவில்லை. அவர் அதே அறையில், அதே செருப்போடு, போத்தல் கழுவிக் கொண்டுவந்து, அங்கிருந்தே ஓய்வுபெற்றார். அவர் போய்ச் சேர்ந்தும் சில வருடமாகிறது. பிரேதத்துக்கு முன் நின்று நான் நன்றி சொன்னேன். என்னைக் காட்டிக்கொடுக்காததற்காக என்று நினைத்துத்தான் சொன்னேன்.

இவ்வளவையும் சுருக்கி தர்ஷினிக்குச் சொன்னேன். நேற்று அவள் இரண்டாவது படம் அனுப்பினாள். அந்த வருடத்துக் கோப்பில் கிடந்த கடிதத்தின் கார்பன் பிரதி. எழுத்து மங்கியிருந்தது. பெரிதாக்கி வாசித்தேன். முதல் பந்தியில் அறிக்கையைத் திரும்பப் பெறுவதாக இருந்தது, இரண்டாவதில் புதிய அளவுகள். மூன்றாவது பந்தி இரண்டே வரி: 'மாதிரிகள் கடலை அண்டிய இடத்தில் உலர்த்தப்பட்டது என்னுடைய பணிப்பின்பேரில். இந்தப் பிழைக்கு நான் மட்டுமே பொறுப்பு.'

அளவில் ஒரு புள்ளி இடம் மாறினாலும் பென்சிலை எடுக்கிற மனுஷி. தன் கைப்பட அடித்து, கீழே கையெழுத்தும் வைத்திருக்கிறார்.

தர்ஷினி அழைப்பெடுத்தாள். "அங்கிள், காரணம் கிடைச்சிட்டுது. கடிதத்தில இருக்கிற மாதிரியே போடட்டா? பொறுப்பாளரின்ர பணிப்பில எண்டு?"

சரோ குசினியிலிருந்து வந்து பக்கத்தில் நின்றாள்.

"போடாத பிள்ளை" என்றேன். "அது பிழையான அளவு. வெட்டு. உலர்த்தினது சிவபாதம், ஒருவரும் சொல்லாமல், தன்ர புத்தியில எண்டு போடு."

"உங்கட பேரையா அங்கிள்? எல்லாரும் பாக்கிறது இது."

"ஓம். எழுத்துப் பிழை விடாமப் போடு" என்றேன்.